கூட்டுச் சொத்தும் பராமரிப்புப் பொறுப்பும்: அமெரிக்க பிளையிங் கிளப்புகளின் நடைமுறை

நம் அங்கத்தினர்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு மினி லாரி வாங்குவதும், பத்துப் பேர் சேர்ந்து பொதுக் கிட்டங்கிக்கு ஜெனரேட்டர் போடுவதும் புதிதல்ல. வாங்கும் நாளில் மாலை போட்டுத் தேங்காய் உடைக்க எல்லோரும் வந்து நிற்பார்கள். ஆறு மாதம் கழித்து, ஆயில் மாற்றியது யார் என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். "அண்ணாச்சி பார்த்திருப்பார் என்று இருந்துவிட்டேன்" என்ற பதில் வரும். லாரி என்றால் வழியில் நிற்கும். ஜெனரேட்டர் என்றால் கரண்ட் போன நேரத்தில் ஓடாது. நஷ்டம் பணத்தோடு போய்விடும்.

இதே கூட்டு முறையில் ஆகாய விமானம் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் பத்து, இருபது பேர் பங்கு போட்டு ஒரு சிறிய விமானத்தை வாங்கி, முறை வைத்து ஓட்டுகிறார்கள். பெரும்பாலும் செஸ்னா 172 போன்ற நான்கு இருக்கை, ஒற்றை இஞ்சின் விமானம். இந்த அமைப்புக்கு பிளையிங் கிளப் என்று பெயர். அங்கத்தினர்களில் வக்கீல் இருப்பார், ஆசிரியர் இருப்பார், கடைக்காரரும் இருப்பார். விமான மெக்கானிக் இருப்பது அபூர்வம். நடு ஆகாயத்தில் இஞ்சின் நின்றால் ஓரமாக நிறுத்த இடம் கிடையாது. ஆகவே, "அவர் பார்த்திருப்பார்" என்ற பேச்சுக்கு இடமில்லாதபடி அவர்கள் பொறுப்பைப் பிரித்துக்கொண்டாக வேண்டும். அவர்கள் அதை எப்படிச் செய்கிறார்கள் என்பதை நாம் சற்று விரிவாகவே பார்க்கலாம். இங்கே பேசப்படுவது அமெரிக்க விதிகள் மட்டுமே.

சட்டம் யாரைப் பிடிக்கிறது?

விமானத்தைப் பழுது பார்ப்பவர் மெக்கானிக். ஆனால், விமானம் பறக்கத் தகுந்த நிலையில் இருக்க வேண்டிய முதல் பொறுப்பை அமெரிக்க விமானத்துறை விதி மெக்கானிக்கிடம் கொடுக்கவில்லை. உரிமையாளரிடம் அல்லது அதை இயக்குபவரிடம் கொடுக்கிறது. கிளப்பின் பெயரில் விமானம் இருந்தால் கிளப்பே உரிமையாளர். "மெக்கானிக் எங்களுக்கு ஞாபகப்படுத்தவில்லை" என்று கிளப் சொல்ல முடியாது.

நம் கடைத் தராசை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒரு முறையும், எடைக்கற்களுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒரு முறையும் மறுமுத்திரை வேண்டும். தேதி தவறினால் கேள்வி வருவது தராசு ரிப்பேர்க்காரரிடம் அல்ல, தராசை வைத்து வியாபாரம் செய்பவரிடம்தான்.

இரண்டாவது பொறுப்பு, அன்றைக்கு விமானத்தை எடுத்துச் செல்லும் ஓட்டியுடையது. இந்த விமானம் இப்போது பாதுகாப்பாகப் பறக்கக்கூடிய நிலையில் இருக்கிறதா என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர். கிளப் எல்லாம் பார்த்துவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு ஏறக்கூடாது. சுற்றி வந்து பார்க்க வேண்டும், ஆயில் அளவு பார்க்க வேண்டும், பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று சிறிது வடித்துப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதுதான் மெக்கானிக். தான் செய்த வேலை சரியாக இருக்கிறது என்பதற்கு அவர் பொறுப்பு. என்ன வேலை செய்தார், எந்தத் தேதியில் முடித்தார் என்பதை விமானத்தின் பதிவேட்டில் எழுதி, தம் லைசென்ஸ் எண்ணோடு கையெழுத்திட வேண்டும். வேலை முடிந்தும் கையெழுத்து இல்லையென்றால், அந்த விமானம் இன்னும் சேவைக்குத் திரும்பவில்லை என்றே பொருள்.

மூன்று பொறுப்பும் தனித்தனி. ஒருவர் தம் பங்கைச் செய்துவிட்டதால் மற்றவருடையது குறைவதில்லை. நம் கூட்டு ஏற்பாடுகளில் வரும் தகராறுகளில் பாதி, இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருகிறது என்பது நம் எண்ணம்.

ஒரு மனிதர், ஒரே ஒருவர்

கிளப்பே பொறுப்பு என்று சட்டம் சொல்லிவிட்டது. கிளப் என்பது இருபது பேர். இருபது பேருக்கும் பொறுப்பு என்றால் ஒருவருக்கும் இல்லை. ஆகவே, தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோரைப் போலவே பராமரிப்பு அதிகாரி என்று ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு மூன்று விமானம் உள்ள கிளப்புகளில் ஒவ்வொரு விமானத்துக்கும் தனியாக ஒரு பொறுப்பாளரை வைத்து, அவர்களுக்கு மேல் பராமரிப்பு அதிகாரியை வைப்பதும் உண்டு.

இவர் ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதில்லை. தேதியும் கணக்கும் தவறாதவராக இருந்தால் போதும். நல்ல கணக்குப்பிள்ளை ஒருவர் இந்த வேலையை நல்ல மெக்கானிக்கைவிடச் சிறப்பாகச் செய்வார் என்று தயங்காமல் சொல்லலாம். ஏனென்றால் அவர் முன்னால் இருப்பது கிட்டத்தட்ட ஒரு காலாவதிப் பட்டியல்.

அந்தப் பட்டியலில் என்ன இருக்கிறது? முதலில் ஆண்டுச் சோதனை. 12 காலண்டர் மாதத்துக்கு ஒரு முறை, இதற்கெனத் தனி அதிகாரம் பெற்ற மெக்கானிக் முழு விமானத்தையும் திறந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டும். ஜூன் 10-ல் சோதனை முடிந்தால் அடுத்த ஆண்டு ஜூன் 30 வரை செல்லும். ஜூலை 1-ல் பறக்கக்கூடாது. அடுத்தது 100 மணி நேரச் சோதனை. இதுவும் அதே அளவு பெரிய வேலைதான்; ஆனால் சாதாரண லைசென்ஸ் பெற்ற மெக்கானிக் கையெழுத்துப் போதும். கட்டணம் வாங்கிக்கொண்டு ஆளேற்றினாலோ, தன் விமானத்தையே கொடுத்துக் கட்டணத்துக்குப் பயிற்சி தந்தாலோதான் இது கட்டாயம். அங்கத்தினர்கள் தாமே ஓட்டும் கிளப்புக்கு இது சட்டப்படி தேவைப்படாமலும் போகலாம். இருந்தும், பலர் கை மாறும் விமானம் என்பதால் தாமாகவே செய்துகொள்ளும் கிளப்புகள் உண்டு. இது கட்டாயமாக உள்ள விமானத்துக்கு, சோதனை நடக்கும் இடத்துக்குப் பறந்து போவதற்காக மட்டும் 10 மணி நேரம் வரை சலுகை தருகிறார்கள். அதையும் அடுத்த 100 மணியில் கழித்துவிடுவார்கள். வாடிக்கையாளருக்கு நாம் கடன் தவணை தள்ளிக் கொடுத்தாலும் வட்டியை விடாத மாதிரி!

இவை தவிர, விபத்து நேர்ந்தால் தானாகச் சமிக்ஞை அனுப்பும் கருவிக்கு 12 மாதத்துக்கு ஒரு சோதனை; அதன் பேட்டரிக்குத் தனியாக ஒரு காலாவதித் தேதி. தரையிலுள்ள ரேடாருக்கு விமானத்தை அடையாளம் காட்டும் டிரான்ஸ்பாண்டருக்கு 24 மாதம். மேகத்துக்குள் கருவிகளை நம்பிப் பறப்பதானால் உயரமானிக்கும் 24 மாதம். ஒன்று மாதக் கணக்கு, மற்றொன்று மணிக் கணக்கு என்பதால்தான் தவறு நேர்கிறது. மாதத்தைக் காலண்டர் சொல்லும். மணியைச் சொல்ல, ஒவ்வொரு ஓட்டியும் இறங்கியவுடன் மீட்டர் அளவைக் குறித்துவைத்தால்தான் உண்டு. ஒருவர் குறிக்க மறந்தாலும் பராமரிப்பு அதிகாரியின் பட்டியல் பொய்யாகிவிடும்.

அரசு அவ்வப்போது பிறப்பிக்கும் கட்டாய உத்தரவுகளும் உண்டு. ஒரு மாதிரி விமானத்தில் ஆபத்தான குறை தெரிய வந்தால், அந்த மாதிரி எல்லாவற்றையும் சோதிக்கச் சொல்வார்கள். செஸ்னா விமானங்களில் ஓட்டியின் இருக்கை ஒரு சிறிய தண்டவாளத்தின் மேல் முன்னும் பின்னும் நகரும். தண்டவாளத்தின் துளைகள் தேய்ந்துவிட்டால், மேலே எழும்பும் நேரத்தில் இருக்கை சட்டென்று பின்னுக்குப் போய்விடும். ஓட்டி கையில் பிடித்த திருப்பியையும் சேர்த்து இழுத்துவிடுவார். விமானத்தின் மூக்கு மேலே தூக்கும். இதற்காக 1987-லும் பிறகு 2011-லும் உத்தரவுகள் வந்தன. ஒரு முறை பார்த்தால் தீராது. குறிப்பிட்ட இடைவெளியில் மீண்டும் மீண்டும் பார்க்க வேண்டும். இப்படிப்பட்ட உத்தரவுகளில் எது ஒரு முறைக்கு, எது தொடர்ந்து என்று பிரித்து எழுதிவைப்பதும் அதிகாரியின் வேலை.

குறை சொல்லும் சீட்டு

பட்டியலில் வராத குறைகள் ஓட்டும்போது தெரியவரும். பிரேக் ஒரு பக்கம் இழுக்கிறது, ரேடியோவில் கரகரப்பு, டயர் தேய்ந்துவிட்டது. இவற்றை எழுத விமானத்துக்குள்ளேயே ஒரு சீட்டு வைத்திருப்பார்கள். அடுத்து வருபவர் அதைப் படிக்காமல் சாவியைத் திருகக்கூடாது என்பது விதி.

வாயால் சொல்லிவிட்டுப் போவதை நல்ல கிளப்புகள் ஏற்பதில்லை. இதன் அவசியத்தை உணர, 1991-ல் நடந்த ஒரு விபத்தைச் சொல்ல வேண்டும். அது கிளப் விமானமல்ல, பயணிகள் விமானம். ஆயினும் பொறுப்புக் கை மாறும் இடத்தில் என்ன நேரும் என்பதற்கு அதைவிடத் தெளிவான உதாரணம் நமக்குத் தெரியவில்லை.

1991 செப்டம்பர் 11. கான்டினென்டல் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் 2574-ஆம் எண் விமானம் டெக்சாஸ் மாநிலத்தின் லரேடோவிலிருந்து ஹூஸ்டனுக்கு வந்துகொண்டிருந்தது. ஈகிள் லேக் என்ற ஊருக்கு அருகே வானிலேயே உடைந்து விழுந்தது. உள்ளே இருந்த 14 பேரும் இறந்தார்கள். முந்தைய இரவு ஹூஸ்டனில் அந்த விமானத்தின் வால் பகுதியில் வேலை நடந்திருக்கிறது. வாலின் குறுக்கு இறக்கையில் பனி உறையாமல் தடுக்கும் ரப்பர் உறையை மாற்றும் வேலை. மாலை ஷிப்டில் உதவிக்கு ஏறிய சோதனையாளர் ஒருவர், வலது பக்கத்தோடு இடது பக்கத்தின் மேல்புறத் திருகாணிகளையும் கழற்றிவிட்டார். ஷிப்ட் மாறியது. இரவு ஷிப்ட்காரர்கள் வலது பக்கத்தை மட்டும் முடித்தார்கள். இடது பக்கத்தில் 47 திருகாணிகள் இல்லை என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சோதனையாளர் தம் குறிப்பேட்டில் எழுதத்தான் செய்தார். ஆனால் அடுத்த ஷிப்ட் சோதனையாளர் அந்தக் குறிப்பேட்டை, அவர் எழுதுவதற்கு முன்பே பார்த்துவிட்டார். விமானத்தின் குறுக்கு இறக்கை வாலின் உச்சியில் இருந்ததால், காலையில் ஓட்டிகள் கீழே சுற்றி வந்து பார்த்தபோதும் தெரிய வழியில்லை. ஹூஸ்டனிலிருந்து லரேடோ போன முதல் பயணம் ஒன்றும் ஆகாமல் முடிந்தது. திரும்பி வரும்போதுதான் விளிம்பு பிய்த்துக்கொண்டது.

அங்கே திறமையற்றவர் இல்லை. லைசென்ஸ் இல்லாதவர் இல்லை. கழற்றியவர் ஒருவர், மாட்டியிருக்க வேண்டியவர் வேறொருவர். இடையில் எழுத்தாகக் கை மாறியிருக்க வேண்டிய செய்தி மாறவில்லை. நம் கடையில் மாலைப் பையனும் காலைப் பையனும் பெட்டிப் பணத்தைக் கை மாற்றும்போது சிட்டை எழுதாமல் விடுவோமா? பணத்துக்கு எழுதுகிறோம். இயந்திரத்துக்கு எழுதுவதில்லை.

நிறுத்துபவரும் விடுபவரும்

கிளப்புகளின் ஏற்பாட்டில் நமக்கு மிகவும் பிடித்தது இந்த இடம். விமானத்தை நிறுத்திவைக்கும் அதிகாரம் எல்லோருக்கும் உண்டு. நேற்றுச் சேர்ந்த அங்கத்தினருக்கும் உண்டு. சந்தேகம் வந்தால் சீட்டில் எழுதி, சாவியில் அட்டை மாட்டி, பராமரிப்பு அதிகாரிக்குச் சொல்லிவிட்டால் போதும். அதன் பிறகு யாரும் எடுக்கக்கூடாது. பின்னால் பார்த்து ஒன்றுமில்லை என்று தெரிந்தாலும் அவரை யாரும் கேலி செய்யக்கூடாது. கேலி செய்தால் அடுத்த முறை அவர் வாயைத் திறக்கமாட்டார்.

ஆனால் நிறுத்திய விமானத்தை மீண்டும் விடுவதற்கு அதிகாரம் ஒரே ஒருவருக்குத்தான். மெக்கானிக்கின் கையெழுத்துப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு பராமரிப்பு அதிகாரி அட்டையை எடுப்பார். தலைவரே வந்து, "ஞாயிற்றுக்கிழமை எனக்கு முறை, குடும்பத்தோடு போக வேண்டும்" என்றாலும் நடக்காது. நிறுத்துவது எளிது, விடுவது கடினம். வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள்.

சில சிறு குறைகளோடு பறக்கலாம் என்று விதியே இடம் தருகிறது. அவசியமில்லாத கருவி ஒன்று வேலை செய்யாவிட்டால், அதைக் கழற்றிவிட்டோ இணைப்பைத் துண்டித்துவிட்டோ, "வேலை செய்யவில்லை" என்று அதன் மேலேயே எழுதி ஒட்ட வேண்டும். எது அவசியம், எது இல்லை என்று ஓட்டி தம் மனம்போல் சொல்ல முடியாது. அதற்கும் பட்டியல் உண்டு.

அதிகாரி ஊரில் இல்லாவிட்டால்? மாற்று ஆள் யார் என்பது முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கும். மெக்கானிக்கிடம் பேசுவதும் இவர் மூலமாக மட்டுமே. ஒவ்வொரு அங்கத்தினரும் போன் செய்து, "அந்த லைட்டையும் பார்த்துவிடுங்கள்" என்று சொல்ல ஆரம்பித்தால் பில் யார் கணக்கில் வந்தது என்று தெரியாமல் போகும். வேலையும் பாதியில் நிற்கும்.

நாமே செய்யலாமா?

செலவு மிச்சம் பிடிக்க அங்கத்தினர்களே சில வேலைகளைச் செய்வதுண்டு. இஞ்சின் ஆயில் மாற்றுதல், டயர் மாற்றுதல், பேட்டரி மாற்றுதல், ஸ்பார்க் பிளக் சுத்தம் செய்தல் போன்ற தடுப்புப் பராமரிப்பு வேலைகளைத் தனியார் ஓட்டி லைசென்ஸ் வைத்திருப்பவர் தம் விமானத்துக்குச் செய்து கையெழுத்திடலாம். பதிவேட்டில் எழுதாமல் செய்யக்கூடாது. லைகமிங் நிறுவனம் தன் இஞ்சின்களுக்கு, முழு ஆயில் பில்டர் இருந்தால் 50 மணிக்கு ஒரு முறை, வெறும் வலைச் சல்லடை மட்டும் இருந்தால் 25 மணிக்கு ஒரு முறை, எப்படியும் நான்கு மாதத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றச் சொல்கிறது. ஓடாமல் சும்மா நிற்கும் இஞ்சினிலும் ஆயில் கெடும், உள்ளே துரு பிடிக்கும். மழைக்கால முழுவதும் ஷெட்டில் நின்ற நம் ஜெனரேட்டருக்கும் இது பொருந்தும்.

இதில் நாம் ஒரு எச்சரிக்கை சொல்வோம். அங்கத்தினரில் ஒருவரே லைசென்ஸ் பெற்ற மெக்கானிக்காக இருந்து, இலவசமாகச் செய்து தருகிறேன் என்றால் கிளப் சந்தோஷப்படும். ஆனால் இலவச வேலைக்குத் தேதி கேட்க முடியாது, குறை சொல்ல முடியாது. அவருக்கே மறுநாள் ஓட்ட ஆசை இருக்கும்போது, விமானத்தை நிறுத்தும் முடிவையும் அவரிடமே விடுவது சரியில்லை. சிறு வேலைகளை அவர் செய்யட்டும். ஆண்டுச் சோதனையை வெளியாள் ஒருவருக்குக் கூலி கொடுத்துச் செய்வதே நல்லது.

பணம்

பராமரிப்பு அதிகாரிக்குப் பொறுப்பு மட்டும் கொடுத்து, பணம் கொடுக்காவிட்டால் அவர் வெறும் புகார்ப் பெட்டி. ஆகவே, இவ்வளவு தொகை வரை யாரையும் கேட்காமல் செலவழிக்கலாம், அதற்கு மேல் கமிட்டி அனுமதி வேண்டும் என்று வரம்பு வைப்பார்கள். செக்கில் கையெழுத்துப் போடுவது பொருளாளர். வேலை சொல்பவரும் பணம் கொடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடாது என்பது நமக்குப் புதிய செய்தியல்ல.

பெரிய செலவு இஞ்சின். செஸ்னா 172-களில் உள்ள லைகமிங் இஞ்சின்கள் பலவற்றுக்கு 2,000 மணி அல்லது 12 ஆண்டு, இதில் எது முந்துகிறதோ அதற்குள் முழுவதும் பிரித்துப் புதுப்பிக்கும்படி தயாரிப்பாளர் சிபாரிசு செய்கிறார். அந்த நாள் வரும்போது இருபது பேரிடமும் கையேந்தினால் பாதிப் பேர் ராஜினாமாக் கடிதம் கொடுப்பார்கள். ஆகவே மணிக் கட்டணத்திலேயே ஒரு பகுதியை எடுத்துவைக்கிறார்கள். கணக்குக்காக, புதுப்பிக்க 30,000 டாலர் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். 2,000 மணியால் வகுத்தால் மணிக்கு 15 டாலர். அதிகம் ஓட்டுபவர் அதிகம் தேய்க்கிறார், அதிகம் கொடுக்கிறார். தகராறுக்கு இடமில்லை. ஆனால் ஓட்டம் குறைந்து, மணி எட்டாமலே 12 ஆண்டு முடிந்துவிட்டால் நிதி பற்றாது. எனவே மாதச் சந்தாவிலும் கொஞ்சம் ஒதுக்குவது விவேகம். இந்த நிதியைத் தனிக் கணக்கில் போடாமல் ஹாங்கர் வாடகைக்கும் இன்ஷூரன்ஸ் தவணைக்கும் எடுத்துச் செலவழித்துவிடும் கிளப்பை என்ன சொல்வது? கொள்முதல் பணத்தில் கல்யாணம் செய்யும் வியாபாரியை நாம் பார்த்ததில்லையா?

பதிவேடு

ஆண்டுக் கூட்டத்தில் அதிகாரி மாறுவார். பழையவர் புதியவரிடம் பட்டியல், நிலுவையிலுள்ள குறைச் சீட்டுகள், மெக்கானிக்கிடம் சொல்லி முடியாத வேலைகள் ஆகியவற்றை எழுத்தில் ஒப்படைத்து, இருவரும் கையெழுத்திட்டு, கமிட்டிக்கு ஒரு பிரதி கொடுப்பது நல்ல வழக்கம். பதிவேடுகளை விமானத்துக்குள் வைக்காமல் வேறிடத்தில் பூட்டிவைக்க வேண்டும். விமானம் எரிந்தால் பதிவேடும் எரிந்துவிடும்.

சாதாரண வேலைகளின் குறிப்பை, அதே வேலை மீண்டும் செய்யப்படும் வரை அல்லது ஓராண்டு வரை வைத்திருந்தால் போதும் என்கிறது விதி. மொத்தம் ஓடிய மணி, ஆயுள் வரம்புள்ள பாகங்களின் நிலை, அரசு உத்தரவுகள் நிறைவேற்றப்பட்ட விவரம் ஆகியவற்றை அப்படித் தூக்கிப் போட முடியாது. விமானத்தை விற்கும்போது அவையும் சேர்ந்து வாங்குபவர் கைக்குப் போக வேண்டும். ஆதலால் விவரம் தெரிந்தவர் விமானத்தை வாங்கப் போனால் பெயின்டைப் பார்ப்பதற்கு முன் பதிவேட்டைத்தான் கேட்பார். இடையில் சில ஆண்டுப் பக்கங்கள் காணவில்லை என்றால் விலையை அங்கேயே குறைப்பார், அல்லது எழுந்து போய்விடுவார்.